ஒரு கையால் பிடிக்கும் புத்தகம்

ஞானஸ்நானம் எடுக்கப் போவதாக என் நண்பன் சொன்னது பாண்டிச்சேரி ஆஸ்பத்திரியில், டயாலிசிஸ் கட்டிலில் படுத்துக்கொண்டு. அவனுடைய இடது கை அசையாமல் நீண்டு கிடந்தது. அதில் இரண்டு ஊசிகள் குத்தியிருந்தார்கள். ஒரு குழாயில் ரத்தம் இயந்திரத்துக்குப் போனது, இன்னொன்றில் திரும்பி வந்தது. வலது கையால் என் சட்டையைப் பிடித்து இழுத்து, தாழ்ந்த குரலில் சொன்னான்.

“மார்மன் சபைல சேரப்போறேன்டா. தண்ணியில முழுசா முக்கி எடுப்பாங்க. நீ வரணும்.”

“இன்னா சபை?”

“மார்மன். ஏசு சாமிதான். ஆனா நம்ம ஊர்ல இருக்கற சர்ச்சு மாதிரி இல்ல, வேற. அமெரிக்காவுல ஆரம்பிச்சது.”

நானும் அவனும் செஞ்சியில் ஒரே பள்ளிக்கூடத்தில் படித்தவர்கள். நான் பத்தாவதுக்குப் பிறகு அப்பாவின் உரக்கடையில் உட்கார்ந்துவிட்டேன். அவன் லாரிக்குப் போனான். நெல்லும் மணிலாக்கொட்டையும் ஏற்றிக்கொண்டு நாக்பூர், ராய்ப்பூர் என்று போவான், வேறு லோடு ஏற்றிக்கொண்டு வருவான். சர்க்கரையும் ரத்தக் கொதிப்பும் வந்தது தெரியாமலே பல வருஷம் ஓட்டியிருக்கிறான். ஒருநாள் கால் வீங்கி, மூச்சு வாங்கி வந்து படுத்தபோது இரண்டு சிறுநீரகமும் போய்விட்டிருந்தன. அதிலிருந்து வாரத்தில் இரண்டு நாள் அவனும் அவன் மனைவியும் காலை பஸ் பிடித்துப் பாண்டிச்சேரி போய்த் திரும்புவார்கள். முடிகிறபோது நானும் கூடப் போவேன்.

அந்தச் சபையை அவனுக்குச் சொன்னவர் பக்கத்துக் கட்டில்காரர். மில் வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர், அந்தச் சபை வழக்கப்படி டீயும் காபியும் தொடாதவர். அவரைப் பார்க்க வெள்ளைச் சட்டையும் டையும் கட்டிய இரண்டு இளைஞர்கள் வருவார்கள். நெஞ்சில் கறுப்பு பேட்ஜ், அதில் ‘எல்டர்’ என்று எழுதியிருக்கும். இருபது வயதுப் பையன்களைப் பெரியவர் என்று கூப்பிடுவது என் நண்பனுக்கு முதலில் பெரிய சிரிப்பாக இருந்தது. பிறகு ஒருநாள் பக்கத்துக் கட்டில் காலியாக இருந்தது. அடுத்த வாரம் அதில் வேறு ஒருவர் படுத்திருந்தார். ஆனால் அந்த இளைஞர்கள் மறுபடியும் வந்தார்கள். இந்த முறை என் நண்பனைப் பார்க்க.

“எதுக்குடா இதெல்லாம் இப்ப?” என்று கேட்டேன்.

அவன் இயந்திரத்தில் சுற்றுகிற சக்கரத்தையே பார்த்துக்கொண்டிருந்தான்.

“பாப்பா இருக்கறா இல்ல” என்றான்.

அவனுக்கு ஒரு பெண் குழந்தை பிறந்து நாலு வயதில் காய்ச்சலில் இறந்துபோனது. அப்போது அவன் நாக்பூர் தாண்டிப் போயிருந்தான். தகவல் கிடைத்து லாரியை வேறொருவரிடம் விட்டுவிட்டு ரயிலும் பஸ்ஸுமாக வந்து சேர்வதற்குள், எடுத்துப்போய்ப் புதைத்துவிட்டார்கள். அவனுடைய அண்ணன்தான் கையில் தூக்கிக்கொண்டு போனார். எங்கே புதைத்தார்கள் என்று இவன் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை. அதற்குப் பிறகு அவர்களுக்குக் குழந்தை பிறக்கவில்லை. அந்தப் பேச்சை அவன் எடுத்து நான் கேட்டதும் இல்லை.

“எட்டு வயசுக்குள்ள செத்த புள்ளைங்களுக்கு ஞானஸ்நானமே வேணாமாம்டா. நேரா கடவுள்கிட்ட போயிடுமாம். குடும்பம்னா செத்த பின்னாடியும் குடும்பந்தானாம். அவ போய்ச் சேந்துட்டா. நான்தான் அங்க போக வழி பாக்கணும்.”

நான் தலையாட்டினேன்.

“உனக்கு இன்னா வாங்கிட்டு வர?” என்று பேச்சை மாற்றினேன்.

“ஒண்ணும் வேணாம். வேணும்னா ஒரு புஸ்தகம் குடு. சாமி புஸ்தகம் வேணாம், அவங்களே குடுத்துட்டாங்க, தடியா. நாலு மணி நேரம் இங்க படுத்துக் கெடக்கறேன். சாமியவே நெனச்சிட்டு இருக்க முடியல.”

லாரியில் போகிறபோதும் அவன் படிப்பான். இருக்கைக்குப் பின்னால் வாரப் பத்திரிகைகளும் அட்டை கிழிந்த நாவல்களும் கிடக்கும். எந்த ஊரில் கிடைத்தாலும் தமிழ் எழுத்தென்றால் வாங்கிவிடுவான்.

புத்தகம் வாங்குவது சின்ன வேலை என்றுதான் நினைத்தேன். செஞ்சி பஸ் ஸ்டாண்டைச் சுற்றியிருக்கிற கடைகளில் தேடினேன். பள்ளிக்கூட கைடுகள் இருந்தன, ராசிபலன், கோலம், சமையல், அம்மன் பாட்டு எல்லாம் இருந்தன. ஒரு கடையில் சிறுநீரகத்தைப் பாதுகாப்பது எப்படி என்று ஒரு புத்தகம், அட்டையில் சிவப்பாக இரண்டு சிறுநீரகம் படம் போட்டு. கடைக்காரர் அதைத்தான் முதலில் எடுத்துக் கொடுத்தார், நான் ஆஸ்பத்திரியில் இருப்பவருக்கு என்று சொல்லியிருந்ததால். நான் அதைத் திருப்பி வைத்துவிட்டு வெளியே வந்தேன்.

அடுத்த முறை பாண்டிச்சேரி போனபோது, அவனுக்கு ஊசி குத்தியதும் பெரிய புத்தகக் கடை ஒன்றைத் தேடிப் போனேன். அலமாரி அலமாரியாக இருந்தது. அங்கேதான் எனக்குப் பயம் வந்தது. ஒரு கதைப் புத்தகத்தை எடுத்தால், பத்துப் பக்கத்துக்குள் யாரோ சாகிறார்கள். இன்னொன்றில் ஒரு தகப்பனும் மகளும். அதைச் சட்டென்று மூடினேன். வாழ்க்கையில் ஜெயிப்பது பற்றிய புத்தகங்கள் ஒரு சுவர் முழுக்க இருந்தன. இனி என்ன ஜெயிக்கப் போகிறான்? தடிமனான நாவல் ஒன்று நன்றாக இருக்கும்போல் தெரிந்தது. ஆனால் அதைக் கையில் வைத்துக்கொண்டு பக்கங்களைப் பார்த்தபோது, இவ்வளவையும் படித்து முடிக்க அவனுக்கு நாள் இருக்குமா என்று ஒரு கணக்கு மனதில் ஓடியது. அந்தக் கணக்கு ஓடியதே எனக்கு அருவருப்பாக இருந்தது. சரி, மெலிசாக வாங்கலாம் என்றால், உனக்கு இவ்வளவுதான் என்று நானே எழுதிக் கொடுத்த மாதிரி ஆகிவிடும்.

பிறகுதான் அவன் கை ஞாபகம் வந்தது. இடது கையை அசைக்கவே கூடாது. ஊசி நகர்ந்தால் கட்டில் முழுக்க ரத்தம். படிக்கிறதென்றால் வலது கையால் மட்டும்தான் பிடிக்க வேண்டும், அதே கையின் கட்டை விரலால்தான் பக்கம் திருப்ப வேண்டும். கெட்டி அட்டை போட்டது எதுவும் ஆகாது. விரித்துப் பிடித்தால் தானாக மூடிக்கொள்கிற புத்தகமும் ஆகாது. நான் ஒவ்வொன்றாக எடுத்து, இடது கையை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டு, ஒரு கையால் பிடித்துப் பார்த்தேன். கடைக்காரப் பெண் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, “சார், கை இன்னா ஆச்சு? ஸ்டூல் போடட்டுமா?” என்று கேட்டாள். விஷயத்தைச் சொன்னேன். அவள் நன்றாக விரிகிற புத்தகங்களாகப் பார்த்து எடுத்து மேஜைமேல் அடுக்கினாள்.

அதில் ஒன்று ஆறுகளைப் பற்றியது. யாரோ ஒருவர் ஊர் ஊராக ஆற்றங்கரை ஓரமாகவே நடந்து போய், பார்த்ததையும் பேசியதையும் எழுதியிருந்தார். எழுத்து பெரிதாக இருந்தது, தாள் லேசாக இருந்தது. என் நண்பன் இந்த ஆறுகளையெல்லாம் பாலத்தின் மேல் தாண்டிப் போனவன், எதிலும் இறங்கியவன் இல்லை. இதுதான் என்று எடுத்து, காசும் கொடுத்துவிட்டேன்.

திரும்பி ஆஸ்பத்திரி வாசலுக்கு வந்தபோது அவன் மனைவி படிக்கட்டில் உட்கார்ந்து பிளாஸ்கைத் திறந்துகொண்டிருந்தாள். உள்ளே ஐஸ் கட்டிகள். டயாலிசிஸ் நோயாளிக்குத் தண்ணீர் அளந்துதான் கொடுக்க வேண்டும். உடம்பிலிருந்து அது வெளியே போக வழியில்லை, நுரையீரலில் போய் நிற்கும். நாக்கு வறண்டால் அவள் ஒரு ஐஸ் கட்டியை வாயில் போடுவாள். அவன் அதைக் கடிக்காமல், கரைகிறவரைக்கும் கண்ணை மூடிக்கொண்டு வைத்திருப்பான். அதைப் பார்த்ததும் என் கையிலிருந்த பையை என்ன செய்வதென்று எனக்குத் தெரியவில்லை. தண்ணீருக்கு ஏங்குகிறவனுக்கு ஆறுகளைப் பற்றிய புத்தகம் வாங்கியிருக்கிறேன்.

அவளிடமே கேட்டேன். அவள் பையைத் திறந்து அட்டையில் இருந்த ஆற்றைப் பார்த்தாள்.

“குடுங்கண்ணா. தூக்கத்துலகூடத் தண்ணியத்தான் கேக்கறாரு. படிக்கறதுக்கு டாக்டர் அளவு வைக்கலையே.”

அவள் மேல்மலையனூர் அங்காளம்மனைக் கும்பிடுகிறவள். அமாவாசைக்கு அமாவாசை கூட்டத்தில் நசுங்கிக்கொண்டு போய் அம்மன் ஊஞ்சலாடுவதைப் பார்த்துவிட்டு வருவாள். “உனக்கு இதுல வருத்தம் இல்லையாம்மா?” என்று கேட்டேன்.

“எம் பொண்ணு எங்க இருக்குதுன்னு யாருக்குத் தெரியும்? நான் ஒரு பக்கம் தேடறேன். அவரு ஒரு பக்கம் தேடட்டும்.”

புத்தகத்தை ஞானஸ்நானத்தன்று கொடுக்கலாம் என்று வைத்துக்கொண்டேன். அதன் முதல் பக்கத்தில் ஏதாவது எழுதிக் கொடுக்க வேண்டும். எங்கள் உரக்கடையில் கூட்டம் இல்லாத மத்தியானத்தில் பேனாவோடு உட்கார்ந்தேன். நீடூழி வாழ்க என்று எழுத முடியாது. சீக்கிரம் குணமாக என்றால் பொய். அவன் நம்புகிற சாமியின் பேரில் வாழ்த்த எனக்கு உரிமை இல்லை. கடைசியில் ‘உனக்கு’ என்று மட்டும் எழுதி, கீழே கையெழுத்துப் போட்டேன்.

அதே வாரம் அவனுடைய அண்ணன் கடைக்கு வந்தார். மணிலாவுக்கு ஜிப்சம் கேட்டார். மூட்டையைக் காட்டினேன். அவர் மூட்டையைப் பார்க்கவில்லை.

“நீயும் கூடப் போறியாமே?”

“ஆமாண்ணா. கூப்டான்.”

“செத்தா எவன் தூக்குவான்? அந்த டை கட்டினவனுங்களா?”

“உயிரோட இருக்கறப்ப அந்தப் பேச்சு எதுக்குண்ணா?”

அவர் மூட்டைமேல் கையை ஊன்றினார். “எங் கிட்னியக் குடுக்கறேன்னு போனவன்டா நானு. எனக்கும் சக்கர இருக்குதுன்னு திருப்பி அனுப்பிட்டாங்க. நைனா போன பின்னாடி அவன நான்தான் வளத்தேன். இப்ப எங்கிட்ட ஒரு வார்த்த கேக்காம சாமிய மாத்தறான். நான் யாரு அவனுக்கு?”

ஜிப்சம் வாங்காமலே போய்விட்டார். அவரைத் தப்பு சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

ஞானஸ்நானத்துக்குக் கொஞ்ச நாள் காத்திருக்க வேண்டியிருந்தது. ஆரம்பத்தில் டயாலிசிஸுக்காக அவன் கழுத்தில் வைத்த குழாயை இன்னும் எடுக்கவில்லை. அதில் சொட்டுத் தண்ணீர் படக் கூடாது. இனி கையில் குத்துவதே போதும் என்று ஆகி, கழுத்துக் குழாயை எடுத்து, அந்தப் புண்ணும் மூடிய பிறகுதான் டாக்டர் சரி என்றார். ஒரு சனிக்கிழமை வாடகைக் கார் வைத்துக்கொண்டு மூன்று பேரும் சென்னைக்குப் போனோம்.

சபைக் கட்டடம் ஒரு ஆபீஸ் மாதிரி சுத்தமாக இருந்தது. சிலுவை இல்லை, படமும் அதிகம் இல்லை. ஒரு மடக்குக் கதவைத் திறந்தார்கள். உள்ளே டைல்ஸ் போட்ட தொட்டி, இரண்டு பக்கமும் படி. இடுப்பளவுக்குத் தண்ணீர். என் நண்பனுக்கு மேலிருந்து கீழ்வரை ஒரே துணியாகத் தைத்த வெள்ளை உடை கொடுத்திருந்தார்கள். உடம்பு பாதியாகியிருந்தது, கால் மட்டும் வீங்கியிருந்தது. அதே மாதிரி வெள்ளை உடுத்திய எல்டர் ஒருவர் அவன் கையைப் பிடித்து இறக்கினார். வலது கையை உயர்த்தி, அவனுடைய முழுப் பெயரையும் சொல்லி, தமிழில் சின்னதாக ஒரு ஜெபம் சொன்னார். அவன் பெயரை அவ்வளவு முழுசாக யாரும் சொல்லி நான் கேட்டதில்லை. பிறகு அவனைப் பின்பக்கமாகச் சாய்த்துத் தண்ணீருக்குள் அமுக்கினார்.

எழுந்தான், இருமினான். ஆனால் ஓரத்தில் நின்ற சாட்சிகளில் ஒரு பெரியவர் தலையை ஆட்டினார். கால் மேலே வந்துவிட்டதாம். உடம்பு முழுக்கத் தண்ணீருக்குள் போனால்தான் செல்லும், ஒரு விரல் வெளியே தெரிந்தாலும் மறுபடி செய்ய வேண்டும். அவன் மனைவி எழுந்து நின்றுவிட்டாள். “போதுங்க, மூச்சு வாங்குது அவருக்கு” என்றாள். எல்டர் என் நண்பனைப் பார்த்தார். என் நண்பன் மூச்சு இரைக்க, “பரவால்ல பிரதர். நல்லா அமுக்குங்க” என்றான்.

இரண்டாவது தடவை அவன் உள்ளே இருந்த நேரம் கொஞ்சம் அதிகமாகவே இருந்ததாக எனக்குத் தோன்றியது. வெளியே வந்ததும் சாட்சிகள் தலையசைத்தார்கள். அவன் முகத்தில் ஒளியெல்லாம் எதுவும் வரவில்லை. நடுங்கிக்கொண்டு நின்றான். மனைவி எங்கே என்று தேடினான். அவள் துண்டோடு படியருகே நின்றாள்.

பிறகு ஜூஸும் பிஸ்கட்டும் கொடுத்தார்கள். ஜூஸ் அவனுக்கு ஆகாது. டம்ளரை என்னிடம் நீட்டிவிட்டான். நான் புத்தகத்தைக் கொடுத்தேன். அட்டையைப் பார்த்தவன் என்னை நிமிர்ந்து பார்த்தான். எனக்கு முகம் சுட்டது.

“தண்ணிக்கு அலையறவனுக்கு ஆத்தக் குடுக்கற. நல்ல ஆளுடா நீ” என்று சிரித்தான். சிரிப்பில் இருமல் வந்து, அது அடங்கக் கொஞ்ச நேரம் ஆனது. பிறகு என்ன நினைத்தானோ, வலது கையால் மட்டும் பிடித்து, கட்டை விரலால் ஒரு பக்கம் திருப்பிப் பார்த்தான்.

திரும்பி வருகிறபோது அவள் தூங்கிவிட்டாள். அவன் என் காதோரம் குனிந்தான்.

“ரெண்டாவது தடவ உள்ள போனப்ப ஒரு வாய் குடிச்சிட்டேன்டா.”

“தெரியாமயா?”

“தெரிஞ்சேதான். யார்கிட்டயும் சொல்லாத.”

அந்தப் புத்தகத்தை அவன் முடிக்க மாட்டான் என்று நான் உள்ளுக்குள் நினைத்திருந்தேன். இரண்டு மூன்று வாரத்தில் முடித்துவிட்டு, “அடுத்தது எங்க?” என்று கேட்டான். நான் வாங்கிக் கொடுத்துக்கொண்டே இருந்தேன், எல்லாம் ஒரு கையில் பிடிக்கிற மாதிரி. நர்ஸ்கள் வாங்கிப் படித்தார்கள். பிறகு சர்க்கரை கண்ணுக்கு ஏறியது. எழுத்தெல்லாம் ஊர்கிறது என்றான். அதற்கப்புறம் அவன் மனைவி கட்டில் பக்கத்தில் ஸ்டூல் போட்டு வாசித்துக் காட்டினாள். எழுத்துக் கூட்டித்தான் வாசிப்பாள். என் புத்தகங்கள் தீர்ந்த நாட்களில் அவனுடைய சபை வேதத்தையும் அவளே வாசித்தாள், நெற்றியில் அங்காளம்மன் குங்குமத்தோடு. வாயில் நுழையாத பேர்கள் வருகிறபோது நிறுத்துவாள், அவன் எடுத்துக் கொடுப்பான்.

ஒரு டயாலிசிஸ் நாள் காலையில், பஸ்ஸுக்குக் கிளம்பிச் சட்டை போட்டுக்கொண்டிருந்தவன் அப்படியே சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருக்கிறான். நான் போய்ச் சேர்ந்தபோது தெருவே கூடிவிட்டிருந்தது.

மத்தியானத்துக்குள் சென்னையிலிருந்து இரண்டு எல்டர்கள் வந்தார்கள். பழையவர்கள் வேறு ஊருக்கு மாறிப் போயிருந்தார்கள். இவர்கள் அவனை உயிரோடு பார்த்ததே இல்லை. வாசலில் மேளம் அடித்துக்கொண்டிருந்தது. ஜெபம் பண்ணலாமா என்று அவளிடம் கேட்டார்கள். அண்ணன் குறுக்கே வந்தார். “தெருவுல அதெல்லாம் வேணாம்.” அவள் எழுந்து, “என் வீட்டுக்குள்ள பண்ணட்டும் மாமா” என்றாள். மேளத்தை நிறுத்தினார்கள். உள்ளே அறிமுகமில்லாத குரல் ஒன்று அவன் முழுப் பெயரைச் சொல்லிக் கடவுளிடம் ஒப்படைத்தது.

வெளியே வந்ததும் அவனுடைய அண்ணனிடம் அவள் கேட்டாள்.

“எரிக்க வேணாம் மாமா. பாப்பா பக்கத்துல பொதைச்சிடலாம். எடத்தக் காட்டுங்க.”

“நம்ம வழக்கம் எரிக்கறதுதாம்மா.”

“எடத்த மட்டுமாவது காட்டுங்க.”

அவர் கீழேயே பார்த்துக்கொண்டிருந்தார். திரும்பவும் கேட்டாள். அவர் என்னைப் பார்த்தார், நான் ஏதாவது சொல்லி அவளை நிறுத்துவேன் என்பது போல.

“அங்க ரோடு போட்டுட்டாங்கம்மா” என்றார். “புதுசா போட்டாங்களே, லாரியெல்லாம் போவுதே, அந்த ரோடு. வெட்டறப்பவே போய்ச் சொன்னேன். யாரும் கேக்கல. இவங்கிட்ட எப்படிச் சொல்றது? ஒவ்வொரு ட்ரிப்பும் அதுலதான லோடு ஏத்திக்கினு போனான்.”

சொல்லிவிட்டு அப்படியே தரையில் உட்கார்ந்து, தலையில் அடித்துக்கொண்டு அழுதார். அவள் அழவில்லை. உள்ளே அவன் சட்டையின் மேல் பொத்தான் மாட்டாமல் இருந்தது, போய் அதை மாட்டிவிட்டாள். அதற்குப் பிறகு அவள் எதற்கும் மறுப்புச் சொல்லவில்லை. சங்கராபரணி ஆற்றங்கரைச் சுடுகாட்டில் அண்ணன் கொள்ளி வைத்தார். எல்டர்கள் இரண்டு பேரும் தூரத்தில் வெயிலில் டையோடு நின்றிருந்தார்கள், போகச் சொல்கிறவரைக்கும்.

கருமாதி முடிந்து அவள் பனமலையில் அம்மா வீட்டுக்குப் போய்விட்டாள். அங்கே தையல் வேலை செய்கிறாள். போன மாதம் அந்தப் பக்கம் வசூலுக்குப் போனபோது பார்த்துவிட்டு வந்தேன். டீ போட்டுக் கொடுத்தாள். குடித்து முடித்ததும் கேட்டாள்.

“அண்ணா, உங்ககிட்ட மறைக்காமப் பேசுவாரு. நெஜமாவே நம்பினாரா? பாப்பாவப் பாப்பேன்னு?”

“தெரியலம்மா” என்றேன். உண்மையிலேயே எனக்குத் தெரியவில்லை.

“எனக்கும் தெரியல. அந்தத் தொட்டில எறங்கி வந்த பின்னாடி ராத்திரியில தூங்கினாரு. அதுக்கு முன்னாடி வருஷக்கணக்கா தூங்கல.”

தையல் மிஷினில் பாதியில் நின்ற ரவிக்கை இருந்தது. அவள் அதை இழுத்து, நூலைக் கோக்க ஆரம்பித்தாள். நான் டம்ளரை வைத்துவிட்டு எழுந்தேன்.